யாருடைய மேசை? திருகோணமலை வகுப்பறையில் சுனாமியை வைத்துக் குடியியற் கல்வி நடத்தும் முறை

ஆண்டுதோறும் டிசெம்பர் 26 ஆம் திகதி காலை 9:25 முதல் 9:27 வரை, சுனாமி நினைவாக இலங்கை முழுவதும் இரண்டு நிமிட மௌனம். திருகோணமலையிலும் அதே நேரம்தான். ஆனால் 2004 இல் இந்தக் கரைக்குக் கடல் வந்தது 9 மணிக்கு முன்பு. தெற்குக் கரையை அலை அடித்த நேரத்தை ஒட்டியே 9:25 அமைந்தது. கிழக்கில் அப்போது ஆட்கள் ஏற்கெனவே உறவுகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பாடத்தை இங்கிருந்து தொடங்கலாம். கரும்பலகையில் 9:25 என்று மட்டும் எழுதி, "இந்த நேரத்தை முடிவு செய்தது யார்? எங்கள் ஊரில் வேறு நேரம் வேண்டுமென்றால் யாரிடம் கேட்க வேண்டும்?" என்று கேளுங்கள். முதல் நாளே யாருக்கும் பதில் தெரிந்திருக்காது. தெரியவும் வேண்டாம். அனர்த்தத்தைப் படிப்பது புவியியல். ஒவ்வொரு முடிவும் யாருடைய மேசையில் இருந்தது, இன்று யாருடைய மேசையில் இருக்கிறது என்று தேடிப் போவதுதான் குடியியல். கீழே வரும் திட்டம் முழுவதும் அந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கிறது.

தரம் 9, 10 மாணவருக்கு இது பொருந்தும். நாற்பது நிமிடப் பாடவேளை பத்து, வீட்டு வேலை ஒன்று, சனிக்கிழமைக் காலை ஒன்று, எல்லாம் சேர்த்து ஆறு வாரம். முப்பது பேர் வகுப்பென்றால் ஐந்து பேர் கொண்ட ஆறு குழு. டிசெம்பருக்காகக் காத்திருக்க வேண்டாம். அப்போது விடுமுறையும் வாடை மழையும் சேர்ந்து வரும். செப்டெம்பர் கடைசியில் தொடங்கினால், உலக சுனாமி விழிப்புணர்வு நாளான நவம்பர் 5 க்குள் கடிதம் அனுப்பிவிடலாம்.

எதை எடுப்பது, எதை விடுவது

இந்த மாவட்டத்துக்கு அனர்த்தம் பஞ்சமில்லை. 1964 டிசெம்பரில் திருகோணமலையை அடித்த புயல்தான் பாக்கு நீரிணையைக் கடந்து தனுஷ்கோடியை அழித்தது. 2000 டிசெம்பர் 26 இல் இன்னொரு புயல். நாலு வருடம் கழித்து அதே திகதியில் சுனாமி. 2020 டிசெம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மகாவலி பெருகி, மாவிலாறு அணைக்கட்டு உடைந்து, மூதூர், வெருகல் பக்கம் தண்ணீருக்குள் போனது.

எல்லாவற்றையும் எடுத்தால் எதுவும் மிஞ்சாது. ஒன்றை முழுதாக எடுங்கள், இன்னொன்றை ஒப்பிடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கரையோரப் பள்ளிக்கூடத்துக்கு 2004 சுனாமி. மூதூர், சேருவில, வெருகல் பள்ளிகளுக்கு ஆற்று வெள்ளமே நல்லது, ஏனென்றால் அந்தப் பிள்ளைகள் அதைத் தாங்களே பார்த்திருப்பார்கள். இங்கே சுனாமியை வைத்துச் சொல்கிறோம். வெள்ளத்துக்கும் முறை அதேதான், மேசைகள்தான் மாறும்.

முதல் மூன்று பாடவேளை: நேரக்கோடு

மூன்று பிரிஸ்டல் போட்டை நீளவாக்கில் ஒட்டுங்கள். இடது முனை காலை 6:30, வலது முனை 10:00. பத்து நிமிடத்துக்கு ஒரு கோடு. மேல் பாதியில் கடல் செய்தது, கீழ்ப் பாதியில் மனிதர் செய்தது.

நீங்கள் கொடுக்க வேண்டிய தரவு இவ்வளவுதான். நிலநடுக்கம் சர்வதேச நேரப்படி 00:58. ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் முதல் அறிக்கையை 01:14 க்கு வெளியிட்டது. அதில் அளவு 8.0, பசிபிக் கடலுக்கு ஆபத்தில்லை என்று இருந்தது. இரண்டாவது அறிக்கை 02:04 க்கு, அளவு 8.5, நடுக்க மையத்துக்கு அருகே சுனாமி வரக்கூடும் என்றது. பின்னாளில் அளவு 9.1 என்று கணிக்கப்பட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா தினமும் கூட.

இப்போது மாணவர் இதை இலங்கை நேரத்துக்கு மாற்ற வேண்டும். வகுப்பு முழுக்கச் சறுக்கும் இடம் இதுதான். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி 6:28 என்று எழுதுவார்கள். பிழை. 1996 ஒக்ரோபர் முதல் 2006 ஏப்ரல் 15 வரை இலங்கையின் கடிகாரம் சர்வதேச நேரத்துக்கு ஆறு மணி முன்னால் ஓடியது. ஆகவே நடுக்கம் 6:58, அறிக்கைகள் 7:14, 8:04. தமிழ்நாட்டுப் பத்திரிகைச் செய்தி ஒன்றைக் கொண்டுவந்து ஒப்பிடும் பிள்ளைக்கும் இதே அரை மணி இடறும். கடிகாரத்தை மாற்றுவதும் அரசின் ஒரு முடிவுதான் என்று போகிற போக்கில் சொல்லிவிடலாம். கடிகாரம் 2006 இல் மாறியது, மௌனம் 9:25 லேயே நின்றுவிட்டது.

அடுத்தது வேகம். ஆழ்கடலில் சுனாமியின் வேகம், 9.8 ஐக் கடலின் ஆழத்தால் பெருக்கி எடுத்த வர்க்கமூலம். 4,000 மீற்றர் ஆழத்துக்கு செக்கனுக்கு ஏறத்தாழ 198 மீற்றர், அதாவது மணிக்கு 713 கிலோமீற்றர். நடுக்க மையத்திலிருந்து திருகோணமலைக்கு வரைபடத்தில் அளந்தால் சுமார் 1,730 கிலோமீற்றர். வகுத்தால் 2 மணி 26 நிமிடம். 6:58 உடன் கூட்டினால் 9:24. "டீச்சர், மௌன நேரம் வந்திட்டுது!" என்று ஒரு குழுவாவது துள்ளும். துள்ளட்டும். பிறகு, அலை 9 மணிக்கு முன்பே வந்ததை ஊரில் எல்லோரும் சொல்கிறார்களே, எது பிழை என்று கேளுங்கள்.

விடை இது: அலை ஒரு புள்ளியில் பிறக்கவில்லை. பிளவு சுமாத்திராவிலிருந்து நிக்கோபார், அந்தமான் பக்கமாக வடக்கே ஏறத்தாழ 1,300 கிலோமீற்றருக்கு ஓடியது. அந்த வடக்குப் பகுதி எங்களுக்கு இன்னும் கிட்ட. அங்கிருந்து அளந்தால் சுமார் 1,240 கிலோமீற்றர், ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குக் கிட்ட. கரையை நெருங்க ஆழம் குறைந்து வேகம் தணியும். அதைச் சேர்த்தால் கணக்கு ஊரின் சொல்லுக்கு அருகே வந்துவிடும். கணக்கையும் சாட்சியையும் மோதவிட்டு, எது எங்கே பிழைத்தது என்று தேடும் இந்தப் பழக்கம் பிறகு அலுவலகக் கடிதங்களைப் படிக்கும்போது உதவும்.

மூன்றாவது பாடவேளையில் கீழ்ப் பாதியைப் பாருங்கள். 7:14 க்கும் 9 க்கும் இடையில், 8:04 அறிக்கையைத் தவிர, அது வெறுமையாக இருக்கும். உலகத்தில் ஒரு மேசையில் செய்தி இருந்தது. அந்த மேசையிலிருந்து எங்கள் கரைக்கு ஒரு கம்பி இல்லை, இந்தப் பக்கம் அதை எடுக்க ஓர் ஆளும் இல்லை. இந்த வெற்றிடத்தை மாணவர் தாங்களே கவனிக்கும்வரை நீங்கள் வாய் திறக்க வேண்டாம். ஐந்து நிமிடம் ஆகலாம்.

அதன் கீழே இரண்டாவது கோடு ஒன்று போடுங்கள்: 2012 ஏப்ரல் 11, பிற்பகல் 2:08, சுமாத்திராவுக்கு அப்பால் 8.6. இந்த முறை எச்சரிக்கை வந்தது, கரையோர மக்கள் வெளியேறினார்கள், ஆனால் அழிவு தரும் அலை வரவில்லை. தட்டுகள் பக்கவாட்டில் உராய்ந்ததால் கடல் மட்டம் பெரிதாகத் தூக்கப்படவில்லை. "அப்படியென்றால் எச்சரித்தது பிழையா?" என்ற கேள்வியை இரண்டு பக்கமும் வாதிடச் சொல்லுங்கள். இந்த அலகில் நல்ல விவாதம் நடக்கும் இடம் இதுதான்.

வீட்டில் கேட்பது

இன்றைய தரம் 9 பிள்ளைகள் 2004 க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு இது பாடம், வீட்டில் இருப்பவர்களுக்கு அப்படியல்ல. எனவே விதி கண்டிப்பாக இருக்க வேண்டும். இருவராகப் போக வேண்டும், இருபது நிமிடத்துக்கு மேல் கூடாது, முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும், படமோ ஒலிப்பதிவோ வேண்டாம், கையெழுத்துக் குறிப்பு மட்டும். குடும்பத்தில் இழப்பு உள்ள பிள்ளையைப் பேட்டிக்கு அனுப்பாமல் நேரக்கோட்டை அழகாக எழுதும் வேலையைக் கொடுங்கள். காரணத்தை வகுப்பில் சொல்ல வேண்டாம்.

"என்ன நடந்தது?" என்று கேட்கவே கூடாது. அது அழுகையில்தான் முடியும், குடியியலுக்கும் உதவாது. இந்த ஐந்தையும் கேட்கச் சொல்லுங்கள்:

கடல் வருது என்று முதலில் சொன்னது யார்?
எந்த வீதியால் ஓடினீர்கள், எங்கே போய் நின்றீர்கள்?
அன்று இரவு எங்கே படுத்தீர்கள், முதல் சாப்பாடு யார் சமைத்தது?
உங்கள் பெயரை முதலில் எழுதிக்கொண்ட அலுவலர் யார், எந்த அலுவலகம்?
என்ன தாளில் கையெழுத்து வைத்தீர்கள்?

கடைசி இரண்டும்தான் பொன். பலரிடம் அந்தத் தாள்கள் இன்னும் பைலுக்குள் இருக்கும். அன்றைய நிவாரணம் இப்படி: ஆளுக்கு வாரம் 375 ரூபா, அதில் 200 காசாகவும் 175 உணவுப் பொருளாகவும்; பாத்திரம் வாங்க 2,500; குடும்பத்துக்கு மாதம் 5,000; வீடு முழுச் சேதமென்றால் 250,000, பகுதிச் சேதமென்றால் 100,000. முழுச் சேதத்துக்கும் பகுதிச் சேதத்துக்கும் இடையே இருந்த கோடு 40 வீதம். இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதி, பள்ளிக்கூடத்தின் பழைய கொட்டில் ஒன்றைக் காட்டி, "கூரை போய், ஒரு சுவர் விழுந்தால் எத்தனை வீதம்?" என்று ஆறு குழுவிடமும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஆறு விடை வரும். அந்த விடைகளுக்கிடையே 150,000 ரூபா தொங்குகிறது. அளவுகோலை எழுதியது யார், அளந்தது யார், பிழையென்றால் முறைப்பாடு யாரிடம் என்ற மூன்று கேள்வியும் அதற்குப் பிறகு தானாகவே வரும்.

சனிக்கிழமை: கரையிலிருந்து மேட்டுக்கு

ஓடும் வழியை வரைபடத்தில் பார்ப்பது வேறு, காலால் அளப்பது வேறு. திருக்கடலூரிலிருந்து பார்த்தால் உவர்மலை கண்ணுக்குக் கிட்டத்தான் தெரியும். நிலாவெளிப் பக்கம் அப்படியல்ல. பல இடங்களில் கடலுக்கு முதுகு காட்டி ஓடினால் களப்பில் போய் நிற்க வேண்டும். கிண்ணியாவைத் தண்ணீர் சூழ்ந்திருக்கிறது. இன்று 396 மீற்றர் பாலம் உண்டு. அது திறந்தது 2009 இல். 2004 இல் "பாதை" என்று சொல்லும் மிதவைப் படகு மட்டுமே. இதையெல்லாம் பிள்ளைகள் உயரக் கணக்காகவும் நிமிடக் கணக்காகவும் கண்டுபிடிக்க வேண்டும்.

உயரம் அளக்க விலை கூடிய கருவி வேண்டாம். கைபேசி காட்டும் உயரம் பத்து மீற்றர்கூடப் பிழைக்கும், அதை நம்ப வேண்டாம். மேசன்மார் மட்டம் பிடிக்கும் தண்ணீர்க் குழாயே போதும். உள்விட்டம் 8 முதல் 10 மில்லிமீற்றர் உள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் 12 மீற்றர். ஒன்றரை மீற்றர் நீளத் தடி இரண்டு. தையல்காரர் நாடா இரண்டு. அந்த நாடா சரியாக 150 சென்ரிமீற்றர் இருக்கும், தடியில் பூச்சியம் கீழே வர ஒட்டினால் தடி அளவுகோலாகிவிடும். தண்ணீரில் துணிக்குப் போடும் நீலம் ஒரு சிட்டிகை கலந்தால் மட்டம் தெளிவாகத் தெரியும்.

வாளியை மேசையில் வைத்து, குழாயின் ஒரு முனையை அதற்குள் அமிழ்த்தி, மறு முனையைக் கீழே பிடித்து உறிஞ்சி ஓடவிடுங்கள். மெதுவாக. குமிழி ஒன்று நடுவில் நின்றாலும் இரண்டு பக்க மட்டமும் பொய் சொல்லும். நிரப்பியதும் குழாயின் ஒவ்வொரு முனையையும் ஒரு தடியோடு சேர்த்துப் பிடித்து, இரண்டு தடியையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே தரையில் நிறுத்துங்கள். வாசிப்பு ஒன்றாக இல்லாவிட்டால் உள்ளே குமிழி இருக்கிறது, அல்லது குழாய் எங்கோ மடிந்திருக்கிறது.

அளவைத் தொடங்கும் இடம் அலை நுரை நிற்கும் இடமல்ல. சருகும் கடற்பாசியும் ஒதுங்கிக் கிடக்கும் கோட்டில் பின்தடியை ஊன்றுங்கள். முன்தடியோடு ஒருவர் பத்து மீற்றர் முன்னே போகட்டும். இரண்டு முனையிலிருந்தும் பெருவிரலை எடுத்து, தண்ணீர் ஆடி அடங்க அரை நிமிடம் விட்டு, இருவரும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். பின்தடி 92, முன்தடி 71 என்றால் முன்தரை 21 சென்ரிமீற்றர் உயரம். பின் வாசிப்பிலிருந்து முன் வாசிப்பைக் கழிப்பது, எப்போதும் அந்த வரிசையில். விடை மறையாக வந்தால் தரை இறங்குகிறது. முனையைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டுதான் நகர வேண்டும். வழியில் கொஞ்சம் சிந்தினால் பரவாயில்லை, கழித்தல் அதைத் தின்றுவிடும்.

300 மீற்றருக்கு முப்பது நிறுத்தம், ஒன்றேகால் மணி நேரம். குழுவில் இருவர் தடி, ஒருவர் குழாய், ஒருவர் எழுத, ஒருவர் வீதியில் வாகனம் பார்க்க. திரும்பி வரும்போது ஐந்தாறு நிறுத்தத்தையாவது மறுபடி அளந்து பாருங்கள்; முன்னர் வந்ததோடு பத்து சென்ரிமீற்றருக்குள் ஒத்துப்போனால் எங்கள் தேவைக்குப் போதும். அதிகம் பிழைத்தால் பெரும்பாலும் யாரோ தடியைச் சாய்த்துப் பிடித்திருப்பார், அல்லது 71 ஐ 17 என்று எழுதியிருப்பார். காலை 6:30 க்குத் தொடங்கி 9 க்குள் முடியுங்கள். வெயில் ஏறினால் குழாயின் ஒரு பக்கத் தண்ணீர் சூடாகி மட்டம் கொஞ்சம் விலகும். பிள்ளைகள் அதைவிட வேகமாகச் சூடாகிவிடுவார்கள்.

அதோடு நேரமும். ஒரு குழு அதே வழியை அறுபது வயது தாண்டிய ஒருவரோடு நடந்து பார்க்க வேண்டும், அவருடைய நடையில். செக்கனுக்கு 0.7 மீற்றர் நடப்பவருக்கு 300 மீற்றர் ஏழு நிமிடத்துக்கு மேல். போகும் வழியில் தடையாக உள்ள ஒவ்வொன்றையும் எழுதட்டும்: அடைத்த மதகு, முள்வேலி போட்டு மூடிய ஒழுங்கை, விழுந்து கிடக்கும் வெளியேறும் வழிப் பலகை, எரியாத தெருவிளக்கு, குறுக்கே வலை காயும் இடம். ஒவ்வொன்றுக்கும் இடம், திகதி, ஒரு படம்.

ஒரு எச்சரிக்கை. இது பயிற்சி அளவு. இதை வெளியேறும் வரைபடம் என்று சொல்லிப் பிரசுரிக்கவோ முகநூலில் போடவோ கூடாது. எங்கே ஓடுவது என்பதில் அதிகாரபூர்வமாகக் குறித்த இடமே செல்லும்.

மேசையைக் கண்டுபிடிப்பது

திங்கட்கிழமை, தடைகளின் பட்டியலைக் கரும்பலகையில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே அலுவலகத்தின் பெயரை எழுதச் சொன்னால் எல்லாக் குழுவும் "அரசாங்கம்" என்று எழுதும். அந்தச் சொல்லை இந்த அலகு முடியும்வரை தடை செய்துவிடுங்கள்.

வீதியில் தொடங்குவது எளிது. ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. கொழும்புப் பக்கம் போகும் ஏ6, மட்டக்களப்புப் பக்கம் போகும் ஏ15 எல்லாம் அதற்குள் வரும். சி, டி வகுப்பு மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. ஒழுங்கைகளும் பெரும்பாலான உள்வீதிகளும் உள்ளூராட்சி மன்றத்துக்கு. ஒரே மதகின் ஒரு பக்கம் ஒரு மேசையிலும் மறு பக்கம் இன்னொரு மேசையிலும் இருப்பது சாதாரணம். அடைப்பு எடுபடாமல் கிடப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

எச்சரிக்கைக் கோபுரமும் வெளியேறும் வழிப் பலகையும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு. அதற்கு மாவட்டத்தில் ஓர் அலகு உண்டு. சுனாமி, புயல் எச்சரிக்கையை எழுதுவது வளிமண்டலவியல் திணைக்களம். ஆற்று வெள்ளம் நீர்ப்பாசனத் திணைக்களம். நிவாரணப் பெயர்ப் பட்டியல் கிராம உத்தியோகத்தரிலிருந்து பிரதேச செயலகத்துக்குப் போகும். இந்த மாவட்டத்தில் பிரதேச செயலகப் பிரிவு 11. கடற்கரை வாடிகள், வள்ளங்கள் தொடர்பானவை கடற்றொழில் திணைக்களத்துக்கு. கரையில் கட்டடம் எழுப்புவது கரையோரம் பேணல் திணைக்களத்தைத் தொடும். சட்டத்தில் கரையோர வலயம் என்பது உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர்.

மேலே ஒரு படி: 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம். 2004 இல் வெறுமையாகக் கிடந்த அந்தக் கீழ்ப் பாதியை நிரப்பத்தான் இந்தச் சட்டம் வந்தது. இதன்படி அமைந்த தேசிய அனர்த்த முகாமைத்துவப் பேரவைக்குத் தலைவர் சனாதிபதி. பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், மாகாண முதலமைச்சர்கள் உறுப்பினர். இங்கே ஒரு பிள்ளை கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது, கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பிறகு பல ஆண்டுகள் தேர்தல் நடக்கவில்லை, நிர்வாகம் ஆளுநரின் கீழ். முதலமைச்சரே இல்லாத மாகாணத்துக்கு அந்த நாற்காலியில் யார் இருப்பது?

இரண்டு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். ஒன்றில் முடித்தால் பட்டியல் மனப்பாடமாகிவிடும், பரீட்சைக்கு மட்டுமே உதவும். பட்டியலைச் சரிபார்க்க ஒரு குழு கிராம உத்தியோகத்தரிடம் நேரே போகலாம், ஆனால் அவர் மக்களைச் சந்திக்கும் நாளைக் கேட்டறிந்து போக வேண்டும். 117 க்கு அழைத்துக் கேட்கலாமே என்று யாராவது சொல்வார். அது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம். வீட்டு வேலைக்கு அதைத் தொடவே கூடாது.

மொழியையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளுங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் ஓர் அறிவிப்பை மூன்று மொழியிலும் எடுத்து, வெளியான நேரம், காற்றின் வேகம், ஆபத்துள்ள பகுதி, மக்கள் செய்ய வேண்டியது என நாலு நிரலில் ஒப்பிடச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு நிரல் தமிழில் வெறுமையாக இருந்தால் கடிதத்துக்குப் பொருள் கிடைத்துவிட்டது. பக்கத்துச் சிங்கள மொழிமூலப் பள்ளியோடு சேர்ந்து இதைச் செய்ய முடிந்தால் மிக நல்லது. மீனவர் "கச்சான்", "சோளகம்", "வாடை" என்று சொல்லும் காற்றை அறிவிப்பு "தென்மேற்கு", "வடகிழக்கு" என்று எழுதுகிறது. கடலுக்குப் போகிறவருக்கு எந்தச் சொல் உடனே உறைக்கும் என்று கேட்பதும் குடியியல்தான்.

ஒரு கடிதம், ஒரு தகவல் கோரிக்கை

வகுப்புக்கு ஒரு கோரிக்கைதான். ஆறு குழுவும் தங்களுடையதை முன்வைத்து வாக்கெடுத்து ஒன்றைத் தேர்வு செய்யட்டும். தேர்வுக்கு மூன்று சோதனை: ஒரே மேசையில் முடிய வேண்டும், மூன்று மாதத்துக்குள் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும், செய்ததா இல்லையா என்று கண்ணால் பார்க்க முடிய வேண்டும். "கடற்கரை முழுக்க அணை கட்டுங்கள்" மூன்றிலும் தோற்கும். "இன்ன ஒழுங்கையின் முனையில் விழுந்து கிடக்கும் பலகையை மறுபடி நாட்டுங்கள்" மூன்றிலும் வெல்லும். சின்னக் கோரிக்கை என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

கடிதம் ஒரு பக்கம். முதல் பந்தியில் என்ன வேண்டும் என்பது. இரண்டாவதில் அளந்த விவரம்: இடம், திகதி, எத்தனை மீற்றர், எத்தனை நிமிடம். மூன்றாவதில் பதில் எதிர்பார்க்கும் திகதி. "மாண்புமிகு", "தயைகூர்ந்து" எல்லாம் ஒருமுறை போதும். சுனாமியில் இறந்தவர்களை உருக்கமாக எழுதி இரண்டு பந்தி நிரப்பும் பழக்கம் எங்கள் கட்டுரைப் போட்டிகளிலிருந்து வருவது, வெட்டிவிடுங்கள். படிக்கும் அலுவலருக்கு வேண்டியது இடத்தின் பெயர். அதிபர் ஒப்பத்தோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்து பிரதியில் முத்திரை வாங்குங்கள். வடக்குக் கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. கடிதம் தமிழிலேயே போகலாம், பதிலும் தமிழில் வர வேண்டும்.

தகவல் கோரிக்கை வேறு. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மாணவர் சொற்களை எழுத, ஆசிரியரோ பெற்றோரோ தன் பெயரில் அனுப்புவது வசதி. காரணம் சொல்ல வேண்டியதில்லை. பெறுபவர் அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலர். பெற்றுக்கொண்டதற்கு அவர் எழுத்தில் அத்தாட்சி தர வேண்டும். கொடுப்பதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால், அல்லது பதிலே இல்லாவிட்டால், 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு.

பிள்ளைகள் எழுதும் முதல் வரைவு எப்போதும் "ஏன்" என்று தொடங்கும். "எங்கள் ஊர்க் கோபுரம் ஏன் ஒலிக்கவில்லை?" இந்தச் சட்டம் கொடுப்பது ஆவணம், விளக்கமல்ல. "இன்ன இடத்துக் கோபுரத்தை 2023 முதல் இன்றுவரை பரிசோதித்த திகதிகளும் ஒவ்வொரு பரிசோதனை அறிக்கையின் பிரதியும்" என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். ஒரு கோரிக்கையில் மூன்று உருப்படிக்கு மேல் வேண்டாம். நாள் எண்ணும்போது சனி, ஞாயிறு, போயா, பொது விடுமுறையைக் கழிக்க மறந்து, பத்தாம் நாளே "பதில் இல்லை" என்று கொதிப்பார்கள். வகுப்புச் சுவரில் ஒரு நாட்காட்டி மாட்டி ஒவ்வொரு வேலை நாளையும் குறிக்க ஒருவரை நியமியுங்கள்.

பேசாமல் தாண்ட முடியாத இரண்டு

முதலாவது, 2005 இன் கட்டடத் தடை வலயம். தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். பின்னர் தளர்த்தப்பட்டது. கரைவலைச் சம்மாட்டி, வாடியில் வேலை செய்பவர், ஹோட்டல் நடத்துபவர், கிராம உத்தியோகத்தர் என நாலு பேராக நின்று வாதாடச் சொல்லுங்கள்; தாங்கள் அளந்த 200 மீற்றர் எங்கே முடிகிறது என்று அவர்களுக்கு இப்போது காலால் தெரியும்.

இரண்டாவது, சுனாமி உதவியைப் பங்கிட அரசும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூன் 24 இல் ஒப்பமிட்ட பொதுக் கட்டமைப்பு. அடுத்த மாதமே அதன் சில பிரிவுகளை உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. கையொப்பமிட்டவர்களில் தாங்கள் இல்லை என்பது முஸ்லிம் தரப்பின் குறை. மூன்று சமூகமும் வாழும் இந்த மாவட்டத்தில் இதை விவாதமாக வைத்தால் வகுப்பு இரண்டாக உடையும், வீடுகளிலிருந்து அழைப்பு வரும். விவாதம் வேண்டாம், வாசிப்பு வையுங்கள்: உடன்படிக்கையின் குழுக்களில் யாருக்கு எத்தனை இடம், நீதிமன்றம் எந்தப் பிரிவைத் தொட்டது, எதைத் தொடவில்லை. ஒரு பாடவேளை, கையில் ஆவணம், தீர்ப்புச் சொல்ல யாரும் வேண்டாம். அதிபரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

புள்ளி போடுவதில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். பலகை நாட்டப்பட்டதா என்பதற்குப் புள்ளி இல்லை. அது பிள்ளையின் கையில் இல்லாத விடயம். அளவைப் பதிவேடு, மேசையைச் சரியாகக் கண்டது, கடிதத்தின் தெளிவு, நாட்காட்டி ஆகியவற்றுக்குப் புள்ளி. பலகையை நாட்டும்போது அரசியல்வாதி ஒருவர் வந்து பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்க விரும்பலாம். பள்ளிச் சீருடையில் எந்தப் பிள்ளையும் அந்தப் படத்தில் நிற்காது என்று முதல் வாரமே பெற்றோருக்கு எழுதிவையுங்கள், பிறகு மறுப்பது லேசு.

முத்திரை விழுந்த பிரதி, பதிவுத் தபால் பற்றுச்சீட்டு, வந்த பதில், அளவைப் பதிவேடு எல்லாவற்றையும் ஒரே பைலில் போட்டு நூலகத்தில் வையுங்கள், ஆசிரியரின் அலுமாரியில் அல்ல. இடமாற்றம் வந்தால் அது அவரோடு போய்விடும். மேலட்டையில் இன்னும் பதில் வராத கடிதத்தின் திகதியைப் பெரிதாக எழுதுங்கள். அடுத்த ஆண்டுத் தரம் 9 கரும்பலகையில் எழுத வேண்டியது 9:25 அல்ல, அந்தத் திகதி.